புயல் போன பிறகு 72 மணி நேரம்

ஐப்பசி பிறந்துவிட்டால் தலத்தெருவில் யாரைக் கேட்டாலும் வானிலை சொல்வார்கள். காரைக்கால் டாப்ளர் ரேடார் படம் வானிலைத் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதைப் பார்த்து மேகம் எங்கே திரள்கிறது என்று இரவெல்லாம் கண் விழிக்கிற பிள்ளைகளை நான் மதிக்கிறேன். ஆனால் மழை விட்ட மறுநாள், நனைந்த நெல்லோடு எந்த அலுவலகத்துக்குப் போவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கணிப்பு தவறும். 2016 டிசம்பரில் நாடா புயல் வலுவிழந்து காரைக்கால் அருகே அடங்கிக் கரையேறியது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார்கள். 2024 நவம்பரில் நேர்மாறு. தாழ்வு மண்டலமாக வலுக்குறைந்துதான் கரையைக் கடக்கும் என்று சொல்லப்பட்ட ஃபெஞ்சல், புயலாகவே 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கடந்து, அங்கேயே நகராமல் நின்றது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டர் மழை. ஒரு நாள் முன்னால் சொல்லும் பாதையிலேயே பல பத்து கிலோமீட்டர் பிசகு வரும். நம் காரைக்கால் மாவட்டமோ மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். நாகப்பட்டினத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் அது நமக்கும்தான்.

பனிக்காலம் பாதுகாப்பு என்ற நினைப்பும் வேண்டாம். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கையைக் கடந்த தாழ்வு மண்டலம், அறுவடைக்கு நின்ற டெல்டா சம்பாவைச் சாய்த்துவிட்டுப் போனது.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலிலேயே காயப்போட்ட நெல்லுக்கு 14 நாள் வரை புயல் மழை, பருவம் தப்பிய மழை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. இந்தப் பிரிவு அந்தப் பருவத்தின் அறிவிக்கையில் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சேதம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். 14447 என்ற கட்டணமில்லா எண்ணுக்கோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, பிரீமியம் கட்டிய வங்கிக்கோ, வேளாண் துறைக்கோ சொல்லலாம். கணக்கெடுக்க அதிகாரி வருவார் என்று காத்திருந்து நான்காம் நாள் ஓடுகிறவர்களை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். யாரும் வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே போன் செய்யுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வயலைத் திருத்துவதற்கு முன்னால் வரப்பு அடையாளம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள்.

அடுத்த குழப்பம் எல்லையால் வருவது. நாம் இருப்பது புதுச்சேரி அரசின் கீழ், நம்மைச் சுற்றி மூன்று பக்கமும் தமிழ்நாடு. சென்னையில் நிவாரணம் அறிவித்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததும், அது நமக்கென்று நம்பிவிடுகிறோம். ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. புதுச்சேரி அரசு அறிவித்தது 30,000 ரூபாய். தொகை வேறு, மனு வேறு, அலுவலகம் வேறு. வயல் காரைக்கால் மாவட்டத்துக்குள் இருந்தால் உங்கள் பகுதி உழவர் உதவியகம். தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தால் அங்குள்ள வேளாண்மை விரிவாக்க மையமும் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரும். நீங்கள் குடியிருக்கும் இடம் இதில் கணக்கில்லை. நிலம் இருக்கும் இடம்தான் கணக்கு. இரண்டு பக்கமும் நிலம் இருந்தால் இரண்டு மனு.

வீடு, மாடு சேதமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது சொன்னதாகாது. மனுவோடு ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலையும் படங்களையும் வைத்து, உங்கள் கைப்பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "லிஸ்ட் மேலே போயிருக்கு, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவது அலுவலகங்களுக்குப் பழகிப்போன வேலை. முத்திரை இருந்தால்தான் தாசில்தார் அலுவலகத்தில் அடுத்த கேள்வி கேட்க முடியும். மாடு இறந்தால் கால்நடை மருத்துவரின் சான்று வாங்காமல் புதைக்காதீர்கள். குத்தகைக்காரர்கள் சாகுபடிச் சான்றை விதைத்த கையோடு வாங்கிவிட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நிலத்துக்காரரைத் தேடி அலைய 72 மணி நேரம் போதாது.

புயல் நேரத்தில் உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தேதி இல்லாத குரல் பதிவுகளை யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். அது போன வருடப் புயலாக இருக்கும்.

காப்பீட்டு ரசீது வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள சர்வே எண்ணும் உங்கள் பட்டாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், மழைக்கு முன்பே போய்த் திருத்தச் சொல்லுங்கள்.