கிணற்றடி மண்ணும் பட்டா இல்லாதோரும்: எரிவாயுத் தள ஆய்வுகள் காணத் தவறுவது

2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் குழாய் உடைந்து, வயலில் கச்சா எண்ணெய் பரவியது. மக்கள் திரண்டனர், காவல்துறை தடியடி நடத்தியது, போராடியோர் கைதாயினர். அதைத் தொடர்ந்த விவாதங்களில் நிலத்தடி நீர், விவசாயியின் உரிமை, மத்திய அரசின் அதிகாரம் ஆகியவை விரிவாகப் பேசப்பட்டன. அத்தகைய வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் கதிர் அறுத்தும் வாழ்கிற, ஒரு சென்ட் நிலமும் சொந்தமில்லாத குடும்பங்களைப் பற்றிய கேள்வி அரிதாகவே எழுந்தது. எரிவாயுக் கிணறுகளைக் கண்காணிக்கும் சட்டங்களின் அமைப்பிலேயே இந்த மௌனத்திற்கான காரணம் இருக்கிறது.

மண் இடம்பெயரும் விதம்

ஒரு கிணறு தோண்டுவதற்கு முன் சில ஏக்கர் நிலம் சமன்படுத்தப்படுகிறது. மேல்மண் வழித்தெடுக்கப்படுகிறது. கனரக வாகனங்கள் நிற்க வேண்டும் என்பதால், வெளியிலிருந்து கொண்டுவரும் கிராவல் மண்ணைக் கொட்டி வயல்மட்டத்திற்கு மேலே ஒரு மேடை எழுப்புகிறார்கள். அதற்கு ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதை பெரும்பாலும் ஏதோவொரு வாய்க்காலைக் குறுக்கிட்டே செல்லும். மேடைக்கு அருகில் துரப்பணச் சேற்றையும் பாறைத் துகள்களையும் தேக்கும் குழி வெட்டப்படுகிறது.

காவிரிப் படுகை சமதளம். சரிவு மிகக் குறைவு. அங்கே வயலிலிருந்து வயலுக்கு நீர் பாய்வதும் வடிவதும் சில அங்குல உயர வேறுபாட்டை நம்பியே நடக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, புல்பூண்டு இல்லாத மேடையின் ஓரங்கள் கரைகின்றன. கரைந்த கிராவல் வாய்க்காலில் படிகிறது, வடிகால் அடைபடுகிறது, அடுத்துள்ள தாழ்ந்த வயலில் நீர் தேங்கிச் சம்பாப் பயிர் அழுகுகிறது. குழி நிரம்பி வழிந்தால் துரப்பணச் சேற்றின் உப்பும் வேதிப்பொருள்களும் அதே நீரோடு சேர்கின்றன.

இதைத் தடுக்கும் வழிகள் எளியவை. மேல்மண்ணைத் தனியே குவித்து மூடிவைத்தல், மேடையைச் சுற்றி வடிகால் வெட்டுதல், ஓடிவரும் வண்டலைத் தேக்கிப் படியவைக்கும் குட்டை அமைத்தல், சரிவுகளில் புல் வளர்த்தல், பணி முடிந்ததும் நிலத்தைப் பழைய மட்டத்திற்குக் கொண்டுவருதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. துரப்பணக் கழிவு குறித்து 2005 ஆகஸ்டில் மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் செய்த திருத்தம் தெளிவானது: குழியின் அடியில் நீர் ஊடுருவாத விரிப்பு இருக்க வேண்டும், குழி நிரம்பியபின் மேலேயும் அத்தகைய விரிப்பை இட்டு, அவ்விடத்து மண்ணைத் தடிமனாகப் பரப்பிச் சரிவு அமைக்க வேண்டும்.

கண்காணிப்போர் யார்?

விதி இருப்பது ஒன்று. அது பின்பற்றப்படுகிறதா என்று பார்ப்பது வேறொன்று. எரிவாயுக் கிணற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு பல அலுவலகங்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறது. தொழிலாளர் பாதுகாப்பைச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கவனிக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் கீழும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின் கீழும் இசைவாணை வழங்குவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டியது மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகம். அதற்காக நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களுக்குள், இணக்க அறிக்கை அளிக்க வேண்டும். அந்த அறிக்கையை எழுதுவது நிறுவனமே. ஆய்வாளர் நேரில் வராத காலமெல்லாம் நிறுவனத்தின் சொல்லே சான்றாக நிற்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை இங்கே ஒப்பிடலாம். அங்கே 5 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தைக் குலைக்கும் எரிவாயுப் பணிக்கு, மண் அரிப்பையும் வண்டலையும் கட்டுப்படுத்துவதற்கென்றே தனி அனுமதி பெற வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் ஆய்வு நடந்த நாளையும் கண்டறியப்பட்ட மீறலையும் எவரும் இணையத்தில் பார்க்கலாம். அங்கும் குறைகள் உண்டு. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றமே எண்ணெய், எரிவாயுத் தளங்களின் கட்டுமானப் பணிகளுக்கு மழைநீர் வடிகை அனுமதியிலிருந்து விலக்கு அளித்தது. ஆயினும் மண் அரிப்பு என்பது தனியே அளந்து, பதிந்து, பொதுவில் வைக்கப்பட வேண்டிய பொருள் என்ற ஏற்பு அம்மாநிலத்தில் இருக்கிறது. நம்மிடம் அது அனுமதிக் கடிதத்தின் பல நிபந்தனைகளுள் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

பட்டா வழியே பார்க்கும் சட்டம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் அது சுமார் 34 விழுக்காடு. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31 விழுக்காட்டுக்கு மேல். கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இம்மண்ணில்தான் இருக்கிறது. இங்கே நிலமும் சாதியும் கூலியும் ஒரே கதையின் பகுதிகள்.

கிணற்றுத் தளத்திற்கான நிலம் குத்தகைக்கு எடுக்கப்படும்போது பணம் பட்டாதாரருக்குச் செல்கிறது. அந்நிலத்தில் ஆண்டுதோறும் கிடைத்துவந்த நடவு, களை, அறுவடை நாள்கள் மறைகின்றன. அவற்றுக்கு எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. பக்கத்து வயலில் வண்டல் படிந்து விளைச்சல் குன்றினாலும், இழப்பைக் கேட்டு மனுக் கொடுக்கும் தகுதி நிலவுடையாளருக்கே இருப்பதாகக் கருதப்படுகிறது. பாதிக்கப்பட்ட பரப்பில் மூன்றாண்டுகளாக வேலை செய்து அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட நிலமற்ற தொழிலாளரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஏற்கிறது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் நிறுவனம் உரிமையாளரிடம் நேரடியாகக் குத்தகை பேசி நிலத்தைப் பெறும்போது அங்கே ‘கையகப்படுத்தல்’ நிகழ்வதில்லை. எனவே அந்தப் பாதுகாப்பும் எட்டுவதில்லை.

2020இல் சாத்தப்பட்ட கதவு

பட்டா இல்லாதவரும் பட்டாதாரரும் ஒரே வரிசையில் நின்று பேசக்கூடிய சட்டப்பூர்வ இடம் ஒன்று இருந்தது: மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை ‘அ’ பிரிவில் வைத்திருந்தது. 2020 ஜனவரி 16 அன்று வந்த திருத்தம் ஆய்வுக் கிணறுகளை ‘ஆ-2’ பிரிவுக்கு மாற்றியது. அப்பிரிவில் விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை. மக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை. கூலித் தொழிலாளி தன் பெயரைச் சொல்லி ஒலிவாங்கி முன் பேசிப் பதிவு செய்யும் வாய்ப்பு, கிணறு தோண்டும் கட்டத்திலேயே பறிபோயிற்று.

அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, டெல்டாவில் புதிய எரிவாயுத் திட்டங்களைத் தடை செய்தது. எனினும் அச்சட்டத்திற்கு முன்பிருந்தே இயங்கிவரும் பணிகளை அது தொடவில்லை. மண்டலத்திற்கு வெளியேயுள்ள மாவட்டங்களுக்கும் அது பொருந்தாது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025இல் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி அளித்ததும், எதிர்ப்பு எழுந்தபின் அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு கூறியதும் இதற்கு அண்மைய சான்று.

தாம்பரத்திலிருந்து ஒரு ரயில் தூரம்

இந்த ஆவணங்களுள் முக்கியமானவை டெல்டாவில் இல்லை; சென்னையில் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகம் கிண்டியில். மாநில ஆணையத்தின் அலுவலகம் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில். மத்திய அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கத்தில். மூன்றும் தாம்பரம்–கடற்கரை புறநகர் ரயில் தடத்தின் ஊர்கள். மன்னார்குடியில் நாள் கூலி பெறும் ஒருவர் ஒரு கோப்பைப் பார்க்க ஒரு நாள் வேலையையும் பயணச் செலவையும் இழக்க வேண்டும். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பயிலும் மாணவர் அதே வேலையைப் பிற்பகலில் முடித்துவிடலாம். டெல்டாவிலிருந்து வந்து இங்கே படிக்கும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான பணி.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு குறிப்பிட்ட கிணற்றின் அனுமதிக் கடிதம், அரையாண்டு இணக்க அறிக்கைகள், ஆய்வாளர் வந்த நாள்கள், அவர் எழுதிய குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்கலாம். அச்சட்டம் பணியிடத்தைப் பார்வையிடவும் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் உரிமை தருகிறது. அறிக்கையில் ‘மேல்மண் காக்கப்பட்டது’ என்று இருந்தால், மழைக்குப்பின் வாய்க்காலில் படிந்த கிராவலின் தேதியிட்ட படம் அதற்கு மறுப்பாகும்.

இழப்பீட்டுக்கும் வழி உண்டு. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இழப்பீட்டுக்குரிய இனங்களைத் தன் இரண்டாம் அட்டவணையில் பட்டியலிடுகிறது. நிலச் சேதம், பயிர்ச் சேதம் ஆகியவற்றோடு ‘தொழில் அல்லது வேலை இழப்பு’ என்பதும் அதில் இருக்கிறது. பட்டா கேட்காத இனம் அது. பாதிப்புக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் இழந்த வேலையை மெய்ப்பிக்க, எந்த வயலில், எந்தப் பருவத்தில், எத்தனை நாள் கூலி கிடைத்துவந்தது என்ற கணக்கு தேவை. அதைத் தெருத்தெருவாகச் சென்று, குறிப்பாக நடவுக்குச் செல்லும் பெண்களிடம் கேட்டு எழுதும் வேலையை எந்த ஆய்வாளரும் செய்யப் போவதில்லை. ஊர்ச் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இணைந்து தொடங்க வேண்டிய முதல் பதிவேடு அதுவே.