எடிட்டர் முன் எதை விரிப்பது?

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் தெருக்களில் சுவருக்கு வெள்ளையடித்து அண்ணல் படம் வரையும் தம்பிகளைப் பார்க்கிறோம். நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம் என எதுவும் பிசகாது. அந்தக் கைக்குக் காமிக்ஸ் உலகிலும் வேலை இருக்கிறது என்று மட்டும் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1970 முதல் நடக்கும் காமிக்ஸ் விழாவில், புதியவர்களின் ஓவியத் தொகுப்பை எடிட்டர்கள் புரட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்வது வழக்கம். நம் பக்கம், சென்னை நந்தம்பாக்கத்தில் 2024 பிப்ரவரியில் முதல் காமிக் கான் நடந்தது. இத்தகைய விழாவுக்குப் போகும் மாணவர்கள் வேடம் போட்டவர்களோடு செல்ஃபி எடுத்ததோடு திரும்பிவிட வேண்டாம். பதிப்பகத்தாரின் ஸ்டாலைத் தேடி, கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு ஃபைலோடு போய் நிற்கலாம்.

ஃபைலில் என்ன இருக்க வேண்டும்? தனித்தனி உருவப்படங்களை அடுக்கிக்கொண்டு போவதுதான் பலரும் செய்யும் தவறு. எடிட்டர் தேடுவது கதை நகரும் பக்கங்களை. வசனத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் யார் எங்கே நிற்கிறார், அடுத்து என்ன நடக்கிறது என்பது விளங்க வேண்டும். டீக்கடையில் ஒருவர் டீ கேட்கிறார். கடைக்காரரின் கை எந்த கிளாஸை நோக்கிப் போகிறது, கேட்டவர் முகம் எப்படி மாறுகிறது, பெஞ்சில் இருப்பவர் எங்கே பார்க்கிறார்? அந்த ஒரு நிமிடத்தை 6 கட்டங்களில் வரைந்து பாருங்கள். கை, முகம், பின்னணி என உங்கள் பலமும் பலவீனமும் அதிலேயே தெரிந்துவிடும். 8 அல்லது 10 பக்கம் போதும். அசல் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிய ஜெராக்ஸ் கொடுங்கள்.

‘நம் கதையை யார் படிப்பார்கள்’ என்ற தயக்கம் வேண்டாம். 2011இல் நவயானா பதிப்பகம் வெளியிட்ட ‘பீமாயனா’வில், சிறுவன் பீமராவ் தண்ணீருக்குப் பட்ட பாட்டை வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள். பெட்டி பெட்டியாகக் கட்டம் போட அவர்கள் ஒப்பவில்லை; தங்கள் மரபின் கோலங்களாலேயே பக்கத்தைப் பிரித்தார்கள். அன்பான பேச்சுக்குப் பறவை வடிவ பலூன். சாதி கொட்டும் பேச்சுக்கோ தேள் கொடுக்கு! கட்டம் இல்லாமலே கதை தெளிவாக நகர்ந்தது.

எடிட்டர் ‘விரல் சரியில்லை’ என்றால் வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை திருத்திய பக்கத்தோடு போகலாம். ‘இந்தச் சாதி விஷயம் வேண்டாமே’ என்றால் அது ஓவியத்தின் குறை அல்ல. நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நடங்கள். வேலை தருகிறோம் என்று ஒப்பந்தத்தை நீட்டினால், படத்தின் உரிமை யாருக்கு என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நுழைவுச் சீட்டு, பஸ் செலவு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்தால் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பாரம்தான். ஜெயந்தி பேனருக்கு வசூல் செய்யும் நம் மன்றங்கள், அதில் ஒரு பேனரைக் குறைத்து அந்தத் தம்பியையோ தங்கையையோ சென்னைக்கு பஸ் ஏற்றிவிடலாமே?