மலையேறும் முன் ஒரு கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர் கடந்துபோகும் மலையடிவாரச் சிற்றூர் வித்துரா. இப்பகுதியிலிருந்து பிரியும் மற்றொரு சாலை போணக்காடு தேயிலைத் தோட்டத்தை அடைகிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்கு நடைப்பயணம் தொடங்குவது அங்கேதான். முதல் நாள் அதிருமலை முகாம். மறுநாள் சிகரம் ஏறி முகாமுக்குத் திரும்புதல். மூன்றாம் நாள் மீண்டும் போணக்காடு. ஆண்டின் தொடக்க மாதங்களில் அனுமதி வழங்கும் கேரள வனத்துறை, மருத்துவரின் உடற்தகுதிச் சான்றிதழையும் கேட்கிறது.

சான்றிதழை ஒரு நாளில் பெற்றுவிடலாம்; கால்களுக்கு வலிமை சேர்க்கச் சில மாதங்கள் வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும் என்பதை நாம் அறிவோம். தொடைகளை உண்மையில் சோதிப்பது இறக்கமே. அப்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை மறுநாள் கடுமையாக வலிக்கும். இதற்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது. வலிமைப் பயிற்சியும் தேவை.

ரெப், செட் என்பவை யாவை?

உடற்பயிற்சிக் கூடத்தில் நாம் முதலில் கேட்கும் சொற்கள் இவை. ஒரு பஸ்கியை முழுமையாக அமர்ந்து எழுந்தால் அது ஒரு ரெப். இடைவிடாமல் பத்து முறை செய்தால் அது ஒரு செட். பிறகு ஓய்வு, அதன்பின் அடுத்த செட்.

‘பத்து ரெப், மூன்று செட்’ என்னும் புகழ்பெற்ற கணக்கு ஒரு மருத்துவமனையில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், எடை தூக்கும் பயிற்சியால் அவர்களுடைய கால்களுக்கு வலிமை ஊட்டினார். தொடக்கத்தில் ஏழு முதல் பத்து செட்டுகள் வரை செய்வித்த அவர், 1948இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் இணைந்து மூன்றே போதும் என்று எழுதினார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையில் முதல் செட்டுக்குப் பாதி, இரண்டாவதற்கு முக்கால், மூன்றாவதற்கு முழு எடை.

நமக்கு எது பொருந்தும்?

உச்ச வலிமையை நாடுவோர் பெரும் எடையை ஐந்து முறை வரை தூக்கி, இரண்டு முதல் ஐந்து நிமிடங்கள் ஓய்வெடுப்பர். தசை வளர்ச்சிக்கு ஆறு முதல் பன்னிரண்டு ரெப் வழக்கம். தாங்குதிறனுக்குக் குறைந்த எடையும் கூடுதல் எண்ணிக்கையும் ஏற்றவை. எனினும் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு: செட் முடியும்போது, சரியான முறையில் இன்னும் இரண்டு, மூன்று மட்டுமே செய்ய இயலும் என்ற நிலை வர வேண்டும். இருபது செய்யக்கூடியவர் பத்தோடு நிறுத்தினால் தசைக்கு வேலையே இல்லை.

ஜனவரியில் மலையேற எண்ணுவோர் அக்டோபரிலேயே தொடங்கலாம். பஸ்கி, படியில் ஏறி இறங்குதல், குதிகால் உயர்த்துதல் ஆகிய மூன்றையும் வாரத்தில் இரு நாட்கள், எட்டு ரெப் வீதம் இரண்டு செட் செய்வோம். இறங்கும் அசைவுக்கு மூன்று விநாடி எடுத்துக்கொள்வோம். பிறகு மூன்று செட். பின்னர் பன்னிரண்டு ரெப். அது எளிதானதும் முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்தால் இரண்டு கிலோ கூடும். எண்ணிக்கையை எட்டுக்குக் குறைத்து மீண்டும் உயர்த்துவோம். இரு பயிற்சி நாட்களுக்கு இடையே குறைந்தது ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

மூச்சை அடக்கக் கூடாது. மூட்டில் கூர்மையான வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

மலைக்குச் செல்லாதோருக்கும் இக்கணக்கு உரியதே. பெரியவர்கள் வாரத்தில் இரு நாட்களேனும் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் பயிற்சி தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நடுவயது முதல் தசை சிறிது சிறிதாகக் கரைகிறது. தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாத நாளில்தான் அந்த இழப்பு நமக்குத் தெரிகிறது. மாதந்தோறும் தொடர் வைப்பில் இடும் தொகையைப் போல, வாரந்தோறும் சேர்க்கும் சில செட்டுகள் அந்த நாளைத் தள்ளிப்போட உதவும்.