பூட்டிய பெட்டிக்குள் யாருடைய மானம்?

ஒரு படம் பெட்டிக்குள் கிடக்கிறது. ஓடாமல் படுத்துவிட்ட படமல்ல. ஓடி ஓடிக் காசு குவித்த படம். ஆஸ்கார் பரிசு வாங்கிய பாட்டு உள்ள படம். பெண்டு பிள்ளைகளோடு வந்து பாருங்கள் என்று ஊரைக் கூவி அழைத்துக் காட்டிய படம். இன்று அதன் பெயரை எடுத்தாலே, எடுத்த முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் 1946-ல் வெளியிட்ட ‘சாங் ஆஃப் தி சவுத்’ (தெற்கின் பாட்டு) என்ற படத்தைத்தான் சொல்கிறோம். 1986-க்குப் பிறகு அதை அந்த நிறுவனம் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு அனுப்பவில்லை. 2019-ல் ‘டிஸ்னி பிளஸ்’ என்ற இணையத் திரையைத் தொடங்கித் தன் பழைய படங்கள் பலவற்றை அங்கே அடுக்கியபோதும் இதற்கு இடமில்லை. காரணம் கேட்டார்கள். நிறுவனத்தின் தலைவர் 2010-லும் சொன்னார், 2020-லும் சொன்னார்: கறுப்பின மக்களை அந்தப் படம் காட்டும் விதம் பழங்காலத்தது, இன்றைய உலகுக்கு ஒவ்வாது என்று.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. முதலாளிக்கும் மனச்சாட்சி பிறந்துவிட்டது என்று நாமும் கை தட்டிவிட்டுப் போகலாம். ஆனால் தோழர்களே, கை தட்டுவதற்கு முன் கணக்கைப் பார்ப்பது உழைப்பவனின் வழக்கம். இந்தக் கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

‘பழங்காலம்’ என்கிறார்களே, அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவோம். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், யாருக்கும் தவறாகத் தெரியவில்லை, இப்போதுதான் கண் திறந்தது என்பதுதானே அதன் பொருள்? எல்லோருமா அப்படி நினைத்தார்கள்?

படம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெரிய பண்ணை. தகப்பனைப் பிரிந்து ஏங்கும் வெள்ளைக்காரச் சிறுவன். அவனுக்குக் கதை சொல்லி மனம் தேற்றும் கறுப்பினக் கிழவர், ரீமஸ் மாமா. பண்ணையாட்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள், பாடிக்கொண்டே திரும்புகிறார்கள். அவர்களுக்குப் பசி இல்லை, கடன் இல்லை, சவுக்கடியின் நினைவும் இல்லை. கதை நடக்கும் காலம் எது? அடிமை முறை இருந்த காலமா, 1865-ல் அது ஒழிந்த பிறகா? படத்தில் ஒரு வார்த்தை இல்லை. எந்தக் காலமானால் என்ன, கறுப்பு மனிதன் சிரித்துக்கொண்டே இருப்பான், வெள்ளைப் பிள்ளையின் கண்ணீரைத் துடைப்பதே அவன் பிறவிப் பயன்! அரைக்காசு அறிவுரை கூட இல்லாமல், ஆடல் பாடலோடு, கேலிச்சித்திரத்தோடு குழந்தைகளுக்கு ஊட்டப்பட்ட பாடம் இது.

அந்தப் படம் முதன்முதலில் காட்டப்பட்டது 1946 நவம்பர் 12-ல், அதே ஜார்ஜியாவின் தலைநகரான அட்லாண்டாவில், ஃபாக்ஸ் கொட்டகையில். அதற்கு நான்கு மாதம் கூட ஆகாத முன், அந்த ஆண்டு ஜூலை 25-ல், அட்லாண்டாவுக்குக் கிழக்கே மூர்ஸ் ஃபோர்டு என்ற இடத்தில், இரண்டு கறுப்பினத் தம்பதிகளை ஒரு வெள்ளைக் கும்பல் வழிமறித்துச் சுட்டுக் கொன்றது. நால்வரில் ஒருவர் உலகப் போரில் நாட்டுக்காகப் பணியாற்றி வீடு திரும்பியவர். கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒரே ஆண்டு, ஒரே மாநிலம். வயல் பக்கம் துப்பாக்கி. வெள்ளித்திரையில் சிரிப்பும் பாட்டும்!

ரீமஸ் மாமாவாக நடித்தவர் ஜேம்ஸ் பாஸ்கெட் என்ற கறுப்பினக் கலைஞர். படத்தின் உயிரே அவர்தான். கிழவராக நடித்ததோடு, கேலிச்சித்திரத்தில் வரும் நரிக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. அந்த முதல் காட்சிக்கு அவர் வரவில்லை. எப்படி வருவார்? கறுப்பனுக்கு வேறு கொட்டகை, வேறு உணவுவிடுதி, வேறு இருக்கை என்று சட்டமே எழுதி வைத்திருந்த நகரம் அது. படத்தில் அவர் முகத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் அங்கே வந்து உட்கார வழியில்லை. 1948 மார்ச்சில் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், 44 வயதில், அவர் மறைந்தார்.

இதே நகரில் இதற்கு முன்பும் இப்படி நடந்ததுண்டு. 1939 டிசம்பரில் ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் முதல் காட்சி அட்லாண்டாவில் நடந்தபோது, அதில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் வர முடியவில்லை. அந்த நடிப்புக்காக 1940-ல் ஆஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். விருது விழா நடந்த விடுதியில் அவரை உடன் நடித்தவர்களோடு உட்கார வைக்கவில்லை. சுவரோரம் தனி மேசை போட்டார்கள். அதே அம்மையார் ‘தெற்கின் பாட்டி’லும் வேலைக்காரியாகத்தான் வருகிறார்.

இதையெல்லாம் கண்டு கறுப்பின மக்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை. படம் வந்த 1946-லேயே, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பினார். படத்தின் இசையையும் தொழில் திறனையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டான் அடிமை உறவை அழகுக் கோலமாகத் தீட்டி, அடிமை முறைக்கு மெருகு பூசுகிறது என்று கண்டித்தார். நியூயார்க்கில் கொட்டகை வாசலில் மறியல் நடந்தது. படப்பிடிப்புக்கு முன்பே, கதை வசனம் எழுதச் சேர்த்த மாரிஸ் ராஃப் என்ற இடதுசாரி எழுத்தாளர், இது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் என்று எச்சரித்தார். பிறகு அவர் வேறு படத்துக்கு மாற்றப்பட்டார்.

ஆக, எச்சரிக்கை படம் எடுக்கும் முன்பே வந்தது. கண்டனம் படம் வந்தவுடன் வந்தது. மறியல் வாசலிலேயே நடந்தது. இதற்குப் பிறகும் ‘பழங்காலத்து எண்ணம்’ என்று சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதல்லவா? அது அந்தக் காலத்தின் எண்ணமல்ல. அந்தக் காலத்து முதலாளியின் எண்ணம். அந்தக் காலத்திலேயே அதற்கு மறுப்பும் இருந்தது. மறுத்தவன் கறுப்பன்; அதனால் அவன் கணக்கில் சேரவில்லை. அவ்வளவுதான்.

மறுப்பைக் கேட்ட முதலாளி என்ன செய்தார்? 1956-ல் படத்தை மீண்டும் ஓட்டினார். 1970-ல் இனி இந்தப் படம் வெளிவராது என்று நிறுவனத்திலிருந்து சொன்னார்கள், 1972-ல் வெளிவந்தது! 1973-ல் மறுபடி. 1980-ல் மறுபடி. 1986-ல் மறுபடி. முதல் ஓட்டத்தையும் சேர்த்து நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டும் மனச்சாட்சி எங்கே போயிருந்தது? டிக்கெட் விற்கும் சன்னலுக்குப் பின்னால் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தது!

பூட்டிய பிறகாவது நாணயம் இருந்ததா? அமெரிக்காவில் முழுப் படத்தையும் வீட்டில் பார்க்கும் நாடாவாக அவர்கள் விற்றதே இல்லை. ஆனால் பிரிட்டனில் விற்றார்கள், ஜப்பானில் விற்றார்கள். ஒரு நாட்டுக் கடையில் வெட்கம், இன்னொரு நாட்டுக் கடையில் வியாபாரம். கடல் தாண்டினால் கரைந்து போகும் வெட்கம் என்ன வெட்கமோ!

இன்னொன்றும் கேளுங்கள். 1989-ல் கலிபோர்னியாவில் உள்ள தங்கள் கேளிக்கைப் பூங்காவில் ‘ஸ்பிளாஷ் மவுன்டன்’ என்ற நீர்ச்சறுக்கு விளையாட்டை அமைத்தார்கள். அதில் வந்த முயலும் நரியும் கரடியும் இந்தப் படத்தின் பாத்திரங்கள். ஒலித்த பாட்டு இந்தப் படத்தின் பாட்டு. கதை சொன்ன ரீமஸ் கிழவர் மட்டும் இல்லை! படத்தைப் பூட்டினார்கள், பாட்டை விற்றார்கள். கிழவரை இறக்கிவிட்டார்கள், அவர் கதையை ஓட்டினார்கள். 2020-ல் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் மூச்சடங்கிச் சாக, நாடே கொதித்தெழுந்த பிறகுதான் அந்த விளையாட்டை மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் அதை மூடியது 2023-ல். படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, அதன் பொருளில் இத்தனை ஆண்டு வருவாய்!

அந்தக் கதைகள்தான் யாருடையவை? ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் 1880-ல் புத்தகமாக்கினார். அவர் பையனாக இருந்தபோது ஜார்ஜியாவின் ஒரு பண்ணையில் அச்சு வேலை பழகியவர். அங்கே அடிமைகளின் குடிசைகளில் கேட்ட கதைகளே அவை. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்கள், நெஞ்சில் சுமந்து வந்த கதைகள். பல்லும் நகமும் இல்லாத முயல், பலம் படைத்த நரியையும் கரடியையும் புத்தியால் வெல்லும். சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயலின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுமா? எதிர்த்துப் பேசினால் முதுகுத் தோல் உரியும் இடத்தில், அடிமை தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த எதிர்ப்புப் பாடம் அது. அதை எடுத்து எஜமானன் வீட்டுப் பிள்ளைக்குத் தாலாட்டாக்கிவிட்டது திரைப்படம். படத்தின் பெரிய குற்றம் இதுதான் என்போம். அடிமையின் ஆயுதத்தை வாங்கி முனை மழுக்கி, அவன் கையிலேயே கிலுகிலுப்பையாகக் கொடுத்தார்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறோம்? படத்தை அப்படியே எடுத்துக் குழந்தைகளுக்கு ஓட்டச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. ‘எங்கள் பிள்ளை எதற்காக இந்த இழிவைப் பார்க்க வேண்டும்?’ என்று ஒரு கறுப்பினத் தாய் கேட்டால் அதற்கு எதிர்க்கேள்வி கிடையாது. குழந்தைக்கு எச்சரிக்கைப் பலகை படிக்கத் தெரியாது. பாட்டுத்தான் மனதில் நிற்கும். குழந்தைகள் திரையில் இதற்கு இடம் வேண்டாம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் குழந்தைக்குக் காட்டாமல் இருப்பது வேறு. ஊருக்கே மறைப்பது வேறு. நஞ்சை அடுப்பங்கரையில் வைக்கக் கூடாது. அதற்காக, நஞ்சு கொடுத்தவன் வந்து, சான்றுப் புட்டியையும் நானே வாங்கிப் பூட்டி வைக்கிறேன் என்றால் விடலாமா?

வழி இல்லாமலும் இல்லை. 2020 ஜூனில் ‘பன்னிரண்டு ஆண்டு அடிமை’ படத்தின் கதை வசனகர்த்தாவான ஜான் ரிட்லி, ‘கான் வித் தி விண்ட்’ படத்தை எச்.பி.ஓ. மேக்ஸ் திரையிலிருந்து எடுக்க வேண்டும் என்று எழுதினார். கறுப்பின எழுத்தாளரான அவர் கேட்டது என்ன? கொளுத்தச் சொல்லவில்லை. கொஞ்ச காலம் எடுத்து வையுங்கள், பிறகு விளக்கத்தோடு போடுங்கள் என்றுதான் கேட்டார். அப்படியே நடந்தது. எடுத்த படம் அந்த மாதமே திரும்பி வந்தது. கறுப்பினத் திரை வரலாற்று ஆய்வாளர் ஜாக்குலின் ஸ்டூவர்ட் முன்னுரை சொல்ல, அதன் பிறகு படம் ஓடியது. வார்னர் நிறுவனமும் 2005-ல் தன் பழைய கேலிச்சித்திரங்களை வெளியிட்டபோது, நடிகை ஊப்பி கோல்ட்பர்க்கைக் கொண்டு விளக்கம் சொல்ல வைத்தது. இவற்றை மறைத்தால் அந்த வெறுப்பு இருந்ததே இல்லை என்று சொல்வதாகும் என்பதே அந்த விளக்கத்தின் சாரம். முதலாளி வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மைதானே!

டிஸ்னியும் 2020-ல் தன் பழைய படங்கள் சிலவற்றின் முன், இந்தச் சித்திரிப்பு அன்றும் தவறு, இன்றும் தவறு என்று எழுதிக் காட்டியது. ‘அன்றும் தவறு’ என்ற அந்த வார்த்தைக்காக அன்று பாராட்டியவர் பலர். 2025-ல் அரசியல் காற்று திரும்பியதும், அந்த வாசகத்தையும் மென்மையாக்கும் முடிவுக்கு நிறுவனம் வந்துவிட்டது. பார்த்தீர்களா? காற்று அடிக்கும் பக்கம் சாயும் காகிதப் பூவிடம் போய் வரலாற்றை ஒப்படைத்திருக்கிறார்கள். இன்று வெட்கப்பட்டுப் பூட்டுகிறவன், நாளை இலாபம் வருமென்றால் வெட்கமில்லாமல் திறப்பான். பூட்டும் அவன் கையில். சாவியும் அவன் கையில். அமெரிக்கச் சட்டப்படி அந்தப் படத்தின் பதிப்புரிமை 2041 முடியும் வரை இருக்கிறது. அது வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம் என்கிறோம். படத்தை வளர்ந்தவர்களுக்குத் திறக்கட்டும். கல்லூரிக்கும் நூலகத்துக்கும் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் ஓடட்டும் மூன்று செய்திகள்: வால்டர் ஒயிட் சொன்ன கண்டனம், நியூயார்க் மறியல், ஜேம்ஸ் பாஸ்கெட் வர முடியாத அந்த முதல் காட்சி. நாற்பது ஆண்டு ஓட்டத்தில் எவ்வளவு வந்தது என்ற வரவுக் கணக்கையும் சேர்த்தே காட்டட்டும். மன்னிப்பு என்பது அதுதான். மறைப்பது மன்னிப்பாகாது.

மானம் காக்கப் பூட்டினோம் என்கிறார்கள். கறுப்பின மக்களின் மானத்தை அவர்களே 1946-ல் கொட்டகை வாசலில் நின்று காத்துக்கொண்டார்கள். அதற்கு யாருடைய பூட்டும் தேவைப்படவில்லை. அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பது முதலாளியின் மானம் ஒன்றுதான். பெட்டியைத் திறந்தால் போகப் போவதும் அதுதான். போகட்டும்!