கணிப்பொறியில் அறியப்படாத உதவிகள்
கள ஊழியரும் ஆசிரியரும் பயன்படுத்தத்தக்க சில வசதிகள்

நெல் அறுவடைக் காலத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தும் கள ஊழியர் ஒருவரின் வேலையை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட வயலில், பெரும்பாலும் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பகுதியை அவர் அளந்து கயிறு கட்டுகிறார். அதில் விளைந்த பயிரை அறுத்து, அடித்து, தூற்றி, தானியத்தை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்கிறார். இவ்வாறு பல வயல்களில் திரட்டிய எடைகள் கணிப்பொறியில் பட்டியலாகப் பதிவு செய்யப்படுகின்றன. 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீட்டைக் கணக்கிடுவதற்கு இத்தகைய பரிசோதனைகளின் முடிவுகள் முக்கிய ஆதாரமாகும். ஆகவே அப்பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு கிராமத்து உழவர்களின் நலனோடு சம்பந்தப்பட்டதாகும்.

இப்பட்டியலை எடையின் ஏறுவரிசையில் அமைக்க முயலும்போது, எடை உள்ள பத்தி மட்டும் இடம் மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயல்களின் பெயர்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. எடைகளோ ஒன்றுக்கொன்று மாறிவிடுகின்றன. பிழையைக் கவனியாமல் கோப்பு சேமிக்கப்பட்டு மூடப்படுகிறது. மறுநாள் பிழை தெரியவரும்போது வயல்களில் தாள் மட்டுமே நிற்கிறது. மீண்டும் நிறுத்துப் பார்க்க இயலாது. குறிப்பேடும் கைவசம் இல்லையெனில் அந்தப் பருவத்தின் உழைப்பு முழுவதும் வீணாகும்.

இத்தகைய நஷ்டத்தைத் தவிர்க்கும் சாதனம் பெரும்பாலான கணிப்பொறிகளில் ஏற்கெனவே அமைந்துள்ளது. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மிகுதியாக வழங்கிவரும் விண்டோஸ் என்னும் இயக்க அமைப்பில் இதுவும், இதுபோன்ற வேறு சில வசதிகளும் உள்ளன. இவற்றிற்குத் தனியாக விலை கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால் சில வசதிகள் நாமே தொடங்கி வைத்தாலன்றி வேலை செய்யமாட்டா. அதனாலேயே பலர் இவற்றை அறியாதிருக்கின்றனர்.

பழைய படிகளை மீட்டல்

‘ஃபைல் ஹிஸ்டரி’ என்பது 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு உள்ள வசதியாகும். கணிப்பொறியுடன் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்து, ‘கண்ட்ரோல் பானல்’ பகுதியில் இவ்வசதியை ஒருமுறை தொடங்கி வைத்தால் போதுமானது. அதன் பின்னர் ஆவணங்கள், படங்கள் முதலியன உள்ள கோப்புறைகளை அது மணிக்கு ஒருமுறை ஆராய்ந்து, மாற்றமடைந்த கோப்புகளின் படியைத் தனி டிஸ்கில் எழுதிவைக்கும். இந்த இடைவெளியை 10 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளவும் கூடும்.

இதில் கவனிக்கத்தக்க சிறப்பு யாதெனில், புதிய படி எழுதப்படும்போது பழைய படி அழிக்கப்படுவதில்லை. கோப்பை நாமே பென் டிரைவில் நகலெடுத்து வைக்கும் வழக்கத்தில், பிழையுள்ள கோப்பு பிழையற்ற கோப்பின் மேல் எழுதப்பட்டுவிடலாம். ஃபைல் ஹிஸ்டரியிலோ காலை 10 மணிப் படியும் 11 மணிப் படியும் தனித்தனியே இருக்கும். கோப்பின் பெயர்மீது மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்டீஸ்’ என்பதைத் திறந்து, ‘ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்’ என்ற பிரிவைப் பார்த்தால் பழைய படிகள் தேதி, நேரத்துடன் காணப்படும். தேவையானதைத் தேர்ந்து மீட்டுக்கொள்ளலாம். மேற்கூறிய எடைப் பட்டியல் இவ்வாறு சில நிமிடங்களில் திரும்பக் கிடைத்துவிடும்.

கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். ஃபைல் ஹிஸ்டரி வழக்கமான ஆவணக் கோப்புறைகளையே காக்கும். வேறிடத்தில் தன்னிச்சையாக வைத்த கோப்புகள் இப்பாதுகாப்பைப் பெறுவதில்லை.

நகலெடுத்தவற்றின் தொகுப்பு

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் ஓரிடத்தில் உள்ள வாக்கியத்தை நகலெடுத்து மற்றோரிடத்தில் ஒட்டுகிறார். அடுத்த வாக்கியத்தை நகலெடுத்தவுடன் முந்தியது மறைந்துவிடுகிறது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்ட ஒரு வசதி இக்குறையை நீக்குகிறது. ‘கண்ட்ரோல்’ விசைக்குப் பதிலாக விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்திக்கொண்டு ‘வி’ எழுத்தை அழுத்தினால், அண்மையில் நகலெடுத்தவை பட்டியலாகத் தோன்றும். முதன்முறை மட்டும் இதைத் தொடங்குவதற்கு அனுமதி கேட்கப்படும். இப்பட்டியல் 25 இனங்கள் வரை கொள்ளும். அடிக்கடி தேவைப்படும் பள்ளி முகவரி போன்றவற்றை நிலையாகக் குத்திவைத்தால், கணிப்பொறியை நிறுத்தித் தொடங்கிய பின்னும் அவை அழியா.

ஓர் எச்சரிக்கை அவசியம். நகலெடுத்த கடவுச்சொல்லும் இப்பட்டியலில் இடம்பெறக்கூடும். பலர் ஒரே கணக்கில் பயன்படுத்தும் கணிப்பொறியில் வேலை முடிந்ததும் பட்டியலை முழுவதும் அழித்துவிட வேண்டும். அன்றேல் இவ்வசதியைத் தொடங்காதிருப்பதே நன்று.

இணைய அளவைச் சிக்கனமாகச் செலவிடல்

கிராமங்களில் பணிபுரிவோர் தம் கைப்பேசியின் இணையத்தையே கணிப்பொறிக்கும் பயன்படுத்துகின்றனர். அன்றைய விவரங்களை அனுப்பும் முன்னரே, கணிப்பொறி தனக்கு வேண்டிய புதுப்பிப்புகளைத் தானாக இறக்கிக்கொள்வதால் நாளின் அளவு தீர்ந்துவிடுகிறது. இதற்குப் பரிகாரம் உண்டு. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் அந்த வைஃபை இணைப்பின் விவரங்களைத் திறந்து, ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை இயக்கவேண்டும். இந்த இணைப்பு அளவுக்குட்பட்டது என்பதை விண்டோஸ் அப்போது உணர்ந்து, பெரும்பாலான புதுப்பிப்புகளை ஒத்திவைக்கும்.

ஒத்திவைத்தல் வேறு, கைவிடுதல் வேறு. பாதுகாப்புக்குரிய புதுப்பிப்புகளை அலுவலக இணைப்பு கிடைக்கும்போது தவறாமல் பெறவேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது என்பதையும் அதை இன்னும் பயன்படுத்துவோர் அறிந்திருத்தல் நலம்.

பழுதை முன்னறிதல்

கணிப்பொறி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கூறினால், எப்போது, எத்தனை முறை என்று பழுதுபார்ப்பவர் வினவுவார். இதற்கு விடையளிக்கும் நாட்குறிப்பு ஒன்றை விண்டோஸ் தானே எழுதிவருகிறது. தேடும் கட்டத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்தால் அதனைத் திறக்கலாம். நாள்தோறும் நேர்ந்த தடைகளும், புதிதாக நிறுவப்பட்ட மென்பொருள்களும் அதில் தேதிவாரியாகக் காட்டப்படும். கணிப்பொறியின் நிலைமை 1 முதல் 10 வரையுள்ள அளவில் ஒரு கோடாக வரையப்பட்டிருக்கும். கோடு திடீரென இறங்கிய நாளில் எந்த மென்பொருள் சேர்க்கப்பட்டது என்று பார்த்தால், பல சமயங்களில் காரணம் விளங்கிவிடும். தடைகள் நாளுக்கு நாள் பெருகினால், யந்திரம் முற்றிலும் நின்றுபோகும் முன்னரே பதிவுகளை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

குறைபாடுள்ள மாணவர்க்கு உதவி

வகுப்பில் கண்பார்வை மங்கிய மாணவன் ஒருவன் திரையிலுள்ள எழுத்துகளைப் படிக்க இயலாமல் பின்தங்குகிறான். விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகத் தெரியும். மீண்டும் மீண்டும் அழுத்தினால் 16 மடங்கு வரை பெருக்கலாம். விண்டோஸ் விசையுடன் ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால் பழைய நிலை திரும்பும்.

ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்யக்கூடிய மாணவிக்கு இரு விசைகளை ஒருசேர அழுத்துவது கடினமாகும். ‘ஷிஃப்ட்’ விசையை 5 முறை தொடர்ந்து அழுத்தினால் ஓர் அறிவிப்புத் தோன்றும். அதற்கு இசைவளித்தபின் அவ்விரு விசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். இந்த அறிவிப்பு தற்செயலாகத் தோன்றும்போது பலர் அதனை ஒரு தொல்லையாகக் கருதி மூடிவிடுகின்றனர். அது யாருக்காக அமைக்கப்பட்டதோ அவர் அவர்களுடைய வகுப்பிலேயே இருக்கக்கூடும்.

கண்பார்வை அற்றவர்க்குத் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் ‘நேரேட்டர்’ வசதியும் உண்டு. விண்டோஸ், கண்ட்ரோல், எண்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி இதைத் தொடங்கவும் நிறுத்தவும் செய்யலாம். தமிழில் வாசிப்பதற்குரிய குரலைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்குரலுக்கு ‘வள்ளுவர்’ என்று பெயரிடப்பட்டுள்ளது.

செய்யவேண்டியது

இவற்றுள் ஃபைல் ஹிஸ்டரியை முதலில் தொடங்கி வைத்தல் வேண்டும். ஏனைய வசதிகள் பிற்பாடு பழகலாம். தொடங்கியதோடு அமையாமல், முக்கியமில்லாத ஒரு கோப்பில் வேண்டுமென்றே பிழை செய்து சேமித்து, அதன் பழைய படியை மீட்டுப் பார்த்தல் நன்று. மீட்டுப் பழகியவரே ஆபத்து நேர்ந்தபோது பதற்றமின்றி மீட்பார். மேலும், படிகள் உள்ள தனி டிஸ்கைக் கணிப்பொறியுடன் இடைவிடாது இணைத்தே வைத்திருந்தால், திருட்டும் தீயும் வைரசும் இரண்டையும் ஒருங்கே தாக்கக்கூடும். ஆதலால் இரண்டாவது டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை நகலெடுத்து, அதனை வேறிடத்தில் வைப்பது உத்தமம். வயலில் ஒரு முறையே எடுக்கக்கூடிய அளவைக்கு அலுவலகத்தில் இரண்டு படிகள் இருத்தல் மிகையன்று.