பவளப் பூச்சிக்கு எமனாகும் வெயில் களிம்பு!
ஹவாயில் 2 ரசாயனங்களுக்குத் தடை

பசிபிக் கடலின் நடுவே இருக்கிறது, ஹவாய். அமெரிக்காவைச் சேர்ந்த தீவுக் கூட்டம். அங்கே ஹனௌமா என்று ஒரு குடா. தண்ணீருக்கு அடியில் பவளப் பாறைகள். பாறை இடுக்கில் பல நிற மீன்கள். இவற்றைப் பார்க்க உல்லாசப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

கடலில் இறங்கும் முன் அவர்கள் உடம்பு முழுவதும் வெயில் களிம்பு பூசிக் கொள்கிறார்கள். வெள்ளைத் தோல் கடும் வெயிலைத் தாங்காது. சிவந்து, கொப்பளித்து, உரிந்துவிடும். நாளடைவில் சிலருக்குத் தோல் புற்றுநோயே வரும்.

தண்ணீரில் இறங்கியதும் களிம்பு கரைகிறது. அங்கேதான் வந்தது வினை!

உயிரோடு சமாதி

பவளப் பாறை வெறும் கல் அல்ல. கோடானு கோடிப் பூச்சிகள் சேர்ந்து கட்டிய வீடு.

பல களிம்புகளில் "ஆக்சிபென்சோன்" என்ற ரசாயனம் உண்டு. விஞ்ஞானிகள் அதைத் தண்ணீரில் கலந்து, பவளக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் வெளுத்தன. நீந்த முடியாமல் நின்றுவிட்டன. உடம்பைச் சுற்றி ஓடு வளர்ந்து, அதற்குள்ளேயே அடைபட்டன. உயிரோடு சமாதி! 2015-ல் இந்தச் செய்தி வெளிவந்தது.

2018 ஜூலையில், ஹவாய் கவர்னர் டேவிட் இகே ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இவற்றில் எது கலந்திருந்தாலும், அந்தக் களிம்பை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2021 ஜனவரி 1-ந் தேதி சட்டம் அமுலுக்கு வந்தது.

டாக்டர்கள் கவலை

தோல் டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஜனங்கள் பயந்து போய்க் களிம்பையே விட்டுவிட்டால்?

இந்தக் கவலை வீண் அல்ல. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை 1,600 பேருக்கு மேல் சோதித்தார்கள். தினமும் களிம்பு பூசியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 சதவிகிதம் குறைந்தது.

பவளத்துக்குப் பெரிய எமன், கடல் சூடாவதுதான். சோதனையில் போட்ட அளவு ரசாயனம் கடலில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனாலும், சூட்டில் நொந்து கிடக்கும் பூச்சிக்கு மேலும் விஷம் எதற்கு?

ரத்தத்திலும் கலந்தது

2019-ல் அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா, 24 பேருக்கு 4 நாள் களிம்பு பூசிப் பார்த்தது. ரசாயனம் ரத்தத்தில் கலந்திருந்தது! இதனால் உடம்புக்குக் கெடுதல் என்று நிரூபிக்கப்படவில்லை. களிம்பை நிறுத்த வேண்டாம் என்றே அந்த இலாகா சொன்னது.

பிறகு எதைப் பூசுவது? துத்தநாக ஆக்சைடு சேர்ந்த களிம்பு இருக்கிறது. அது உடம்புக்குத் தீங்கில்லை என்கிறது, அதே இலாகா. மிக நுண்ணிய பொடியாக இருந்தால் அதுவும் பவளத்துக்கு ஆகாது என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

இன்னொரு வழி, முழுக்கைச் சட்டை! போட்டுக் கொண்டே நீந்தலாம். சட்டை கடலில் கரையாது.

ஹவாய் சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. விற்கத்தான் தடை. பயணிகள் ஊரிலிருந்து கொண்டு வந்து பூசினால், அந்தச் சட்டம் தடுக்காது. அதே பசிபிக் கடலில் உள்ள பலாவ் என்ற சின்னஞ்சிறு நாடு, இதற்கு இடம் கொடுக்கவில்லை. 2020 ஜனவரி 1 முதல் அங்கே 10 பொருள்களுக்குத் தடை. அவை கலந்த களிம்பு பயணிகள் பெட்டியில் இருந்தால், வந்து இறங்கும் இடத்திலேயே பறிமுதல்!