ஓர்மிஸ்டன் மலையிடுக்கில் மூன்று இரவுகள்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் ஓர்மிஸ்டன் என்னும் மலையிடுக்கு இருக்கின்றது. அந்நாட்டிற் குடியேறி வாழும் நாங்கள், ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் மூவருடன் அங்கே கூடாரமடித்துத் தங்கினோம். செம்மண்ணும் முட்புல்லும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் அவ்வுள்நாட்டை ஆளற்ற வெட்டவெளி என்றே கடற்கரை நகரத்தார் பலர் எண்ணுகின்றனர்.

பாலை என்றதும் வெப்பத்தையே நினைப்பவர்கள் அங்கே ஓர் இரவு தங்கிப் பார்க்கவேண்டும். ஜூனும் ஜூலையும் அங்கே குளிர்காலம். பகல் இதமானது; இரவிலோ குளிர் உறைநிலைக்குக் கீழே செல்வதுண்டு. கம்பளிகள் பல எடுத்துச் சென்றும் கடைக்குட்டி தாயின் போர்வைக்குள்ளேயே அடைக்கலம் புகுந்தான். கூடாரமடிக்கும் இடத்தையும் கருத்தோடு தேர்ந்துகொள்ள வேண்டும். வறண்ட ஆற்றுமணல் மெத்தைபோல் அழைக்கும். ஆனால் எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்து சேரலாம். கரையோர யூக்கலிப்டஸ் மரங்களோ முன்னறிவிப்பின்றிப் பெருங்கிளைகளை உதிர்ப்பவை.

செந்நிறப் பாறைச் சுவர்களினின்று ஓடை வெளிப்படும் இடத்தில் ஏறத்தாழ 14 மீட்டர் ஆழமுள்ள மடு ஒன்று உண்டு. ஓடை ஆண்டின் பெரும்பகுதியும் வெறும் மணல். மடுவோ எளிதில் வற்றுவதில்லை. மீன்கள் அதில் ஒதுங்கிப் பிழைத்திருந்து, வெள்ளம் வருங்கால் ஃபிங்க் ஆற்றில் பரவுகின்றன. அந்தியில், கங்காருவின் சிற்றினமாகிய பாறை வாலபிகள் பாறைக்குப் பாறை தாவுவதைக் காணலாம். மேற்கு அரெண்டா மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாக இத்தகைய மடுக்களை அறிந்து காத்து, தம் முன்னோர் மரபோடு பிணைத்துப் போற்றி வருகின்றனர். ஆளற்ற நிலமாம்!

அங்கே செல்லும் நெடுஞ்சாலை ஆல்பர்ட் நமட்ஜிராவின் பெயரைத் தாங்கியுள்ளது. 1902இல் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் பணித்தளத்திற் பிறந்த அரெண்டா ஓவியர் அவர். இம்மலைகளின் செம்மையையும் வெண்ணிற மரங்களையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் பெரும் புகழ் பெற்றார். 1957இல் அவருக்கும் அவர் மனைவிக்கும் முழுக் குடியுரிமை வழங்கப்பட்டது, பிள்ளைகளுக்கு வழங்கப்படவில்லை. மறு ஆண்டு, தம் இனத்தாருக்கு மது கொடுத்தார் என்று தண்டிக்கப்பட்டார், 1959இல் இறந்தார். இதனை அடுப்பருகே நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கையில், "அப்படியானால் அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டுக்காரர்கள், அப்பா?" என்று மூத்த மகள் கேட்டாள். கப்பலேறாத குறையாக நேற்று வந்து, இன்று குடியுரிமைச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் எங்களால் அக்கேள்வியை எளிதிற் கடந்துவிட இயலவில்லை.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1986 நவம்பர் 29 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கே வந்து ஆதிகுடி மக்களிடம் உரையாற்றினார். அவர்கள் அளிக்கும் கொடையை மற்றவர்கள் மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளும் வரையில் ஆஸ்திரேலியத் திருச்சபை, இயேசு விரும்பும் முழுமையை அடையாது என்னும் கருத்தை அன்று அவர் வலியுறுத்தினார். ஏற்பது என்றால் எவ்வாறு என்று அன்றிரவு பிள்ளைகளோடு நெடுநேரம் பேசினோம். இந்த இடத்தின் சொந்தப் பெயரையாவது கற்றுக்கொள்வோமே என்றான் இரண்டாமவன். குவார்ட்டடுமா என்பது அது. செபமாலை முடிந்து விளக்கை அணைத்த பின்பும், கடைக்குட்டி போர்வைக்குள்ளிருந்து அப்பெயரைத் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தான்; அக்காள் விடாமல் திருத்திக்கொண்டிருந்தாள்.